வீடு வீடாக ஒரு கேரவன்

ஆர்டெல் நைகார்ட் புகார் சொல்கிற பெண்மணி அல்ல. இதை அவளே பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அதனால்தான் அந்த அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை காலை நகராட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியபோதும் முதல் வேலையாக அதைச் சொல்லி வைத்தாள்.

“டுவைன், நான் ஒண்ணும் புகார் சொல்றதுக்காகக் கூப்பிடல.”

“தெரியும் ஆர்டெல்,” என்றார் டுவைன். ஸ்டாவ்லி நகராட்சியில் விதிகளைப் பார்த்துக்கொள்ள இருக்கும் ஒரே ஆள் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாடகர் குழுவில் ஆர்டெலுக்குப் பின்வரிசையில் நின்று கனத்த குரலில் பாடுவார். “என்ன நிக்குது?”

“எதுவும் நிக்குதுன்னு நான் இன்னும் சொல்லலையே.”

“போன தடவை நீங்க புகார் சொல்லாம கூப்பிட்டப்போ ஹார்லன் வீட்டுப் படகு நின்னுச்சு. அதான் கேட்டேன்.”

ஆர்டெல் அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. “எதிர்ல ஸ்கார் வீட்டு முன்னால ஒரு கேரவன் நிக்குது. அரிசோனா நம்பர். அஞ்சு நாளாச்சு. பக்கம் முழுக்க ஒரு ஓநாய் படம் வரைஞ்சிருக்கு, நிலாவைப் பாத்து ஊளையிடுது. எனக்கு ஓநாய் மேல ஒரு கோபமும் இல்ல. ஆனா காலையில பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியா ஸ்கார் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல ஏரி கொஞ்சம் தெரியும். அதைப் பாத்துக்கிட்டேதான் ஜெபம் பண்ணுவேன். இப்ப அஞ்சு நாளா ஓநாயைப் பாத்து ஜெபம் பண்றேன்.”

“யாராவது சொன்னாத்தான் விதிப்படி நான் போய்ப் பாக்க முடியும். சொல்றீங்களா?”

“நான் ஒண்ணும் சொல்லல. நிக்குதுன்னு மட்டும் சொன்னேன்.”

“நிக்குதுன்னு சொன்னாலே போதும்,” என்றார் டுவைன்.

விதி என்னவோ எளிமையானதுதான். வீட்டின் முன்சுவரைத் தாண்டி முன்னால், கேரவனோ படகோ இழுவண்டியோ மூன்று நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளலாம். எடுத்த வண்டி மறுபடி அதே வீட்டு முன்னால் வர வேண்டுமானால் ஒரு மாதம் ஆக வேண்டும். நல்ல விதி என்றே ஆர்டெல் நினைத்தாள். அது நகர சபையில் நிறைவேறிய அன்று கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி.

மதியத்துக்குள் டுவைனின் வெள்ளைக் கார் எதிர்வீட்டு முன் வந்து நின்றது. ஆர்டெல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்க்கவில்லை. திரைச்சீலையைத் துவைக்கப் போடலாமா என்று மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்தாள். டுவைன் கேரவன் கதவில் ஒரு காகிதத்தைச் செருகிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, யாரும் கதவைத் திறப்பதற்குள் வேகமாகப் போய்விட்டார்.

அவர் கார் திரும்பி மறைந்தது. மனசாட்சி உறுத்தினால் ஸ்டாவ்லியில் மற்றவர்கள் என்ன செய்வார்களோ அதையே அவளும் செய்தாள்: அடுப்பை மூட்டினாள். ஓட்ஸும் பேரீச்சம்பழமும் போட்டு ஒரு தட்டு நிறையச் சுட்டு, சதுரம் சதுரமாக வெட்டி, மேலே மெல்லிய துணி போட்டு மூடி, தெருவைக் கடந்தாள்.

கேரவனின் படியில் பெரிய உருவமுள்ள ஒருவர் அமர்ந்து அந்தக் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். வெண்டல் ஸ்காரின் தம்பி ராய்ஸ். முப்பது வருடம் அரிசோனா வெயிலில் இருந்ததில் முகம் பழைய தோல்பை மாதிரி ஆகியிருந்தது.

“ஆர்டெல்தானே?” என்றார். “வீட்டுக்காரர் மில்ட் சௌக்கியமா? பேச ஆரம்பிச்சிட்டாரா, இல்ல இன்னும் யோசிச்சிட்டே இருக்காரா?”

“யோசிக்கிறார்,” என்றாள். “அது என்ன காகிதம்?” கேட்ட பிறகு அவளுக்கே காது சூடானது.

“கேரவனை எடுக்கணுமாம். நாளைக்கு வரைக்கும் தவணை.” ராய்ஸ் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “எடுத்துடலாம்தான். எங்க கொண்டுபோறதுன்னுதான் தெரியல. பின்பக்கம் ஏரிக்கு ஒரே சரிவு. ஏரிக்கரையில கேரவன் நிறுத்துற முகாம்ல குளிர் வந்துடுச்சுன்னு தண்ணிக் குழாயை மூடிட்டாங்க. திறந்திருக்கிற முகாம் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கு.”

“வீட்டுக்குள்ளயே தங்கலாமே? உங்க அண்ணி டெலோரிஸ் ஒண்ணும் சொல்லமாட்டாளே.”

“டெலோரிஸ் சொல்லமாட்டா. அவ பூனைங்க சொல்லுது. அரை மணி நேரம் உள்ள உட்கார்ந்தா கொதிக்கிற கெண்டி மாதிரி என் நெஞ்சு விசிலடிக்குது. வெளிய வந்து மூச்சு வாங்கிட்டு மறுபடி போறேன். ராத்திரி வெண்டலுக்கு முடியலன்னா டெலோரிஸ் ஒரு போன் போடுவா, ஒரே ஓட்டத்துல போயிடுவேன்.”

“வெண்டலுக்கு வயித்துக் கோளாறுன்னு…”

“வயிறு இல்ல ஆர்டெல். கணையம்.” ராய்ஸ் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கிறிஸ்துமஸ் வரைக்கும் இருப்பானான்னு கேட்டேன். டாக்டர் பேச்சை மாத்திட்டார். ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வெண்டல் பிடிவாதம் பிடிக்கிறான். தெரிஞ்சா ஆளாளுக்கு ஏதாவது சுட்டு எடுத்துட்டு வந்துடுவாங்களாம்.”

ஆர்டெல் கையிலிருந்த தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினாள்.

“முப்பது வருஷமா கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போன்ல பேசுவோம்,” என்றார் ராய்ஸ். “அங்க மழை எப்படி, இங்க பனி எப்படின்னு கேட்டுட்டு வெச்சிடுவோம். இப்பத்தான் மத்ததெல்லாம் பேச ஆரம்பிச்சிருக்கோம். ஒரு மணி நேரம் தள்ளிப் போய் நான் என்ன பண்றது? ஒரு மணி நேரத்துல என்ன வேணா ஆகலாமே.”

இந்த மாதிரிச் சமயத்தில் ஸ்டாவ்லியில் எந்த மனுஷியும் என்ன சொல்வாளோ அதையே அவளும் சொன்னாள். “வேற வழியே இல்லேன்னா, எங்க வீட்டு முன்னால வேணும்னாலும் நிறுத்திக்கலாம்.”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டாவ்லியில் நகர சபை எழுதாத விதி ஒன்றும் உண்டு. எழுதியதைவிட அதற்குப் பலம் அதிகம். ஒருவர் ஒன்றைத் தருவதாகச் சொன்னால், ‘ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்’ என்று மறுக்க வேண்டும். இரண்டாவது தடவை சொன்னால் கொஞ்சம் இழுத்து மறுக்க வேண்டும். மூன்றாவது தடவையும் சொன்னால்தான் அவர் மெய்யாகவே தர நினைக்கிறார் என்று பொருள். முதல் தடவை சொல்வது மரியாதைக்கு. ஆர்டெலும் மரியாதைக்குத்தான் சொன்னாள். மறுப்பைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டாள்.

“அப்படியா?” ராய்ஸ் எழுந்தார். முகம் மலர்ந்திருந்தது. “ரொம்ப நல்லதாப் போச்சு. இப்பவே கொண்டாந்துடறேன்.”

முப்பது வருடத்தில் மனிதர் எல்லாவற்றையும் மறந்திருந்தார்.

*

கணவர் மில்ட் வீட்டுக்கு வந்தபோது அவர் காரை நிறுத்த இடமில்லை. கராஜுக்குப் போகும் பாதையை நீளவாட்டில் அடைத்துக்கொண்டு கேரவன் நின்றது. அவர் காரைத் தெருவோரம் விட்டுவிட்டு உள்ளே வந்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் நிறைய ஓநாய். முன்பு அது தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று ஊளையிட்டது. இப்போது கைக்கெட்டும் தூரத்தில், கண்ணோடு கண் பார்த்தது.

“நீயா வரச் சொன்ன?” என்றார் மில்ட்.

“ஒரே ஒரு தடவைதான் சொன்னேன் மில்ட்!”

“ஒரு தடவையா?”

“சத்தியமா ஒரே தடவை. உடனே சரின்னுட்டார்.”

மில்ட் நெடுநேரம் யோசித்தார். “அரிசோனா,” என்றார் கடைசியில், எல்லாம் விளங்கிவிட்டதைப் போல.

அவள் அவரிடம் வெண்டலைப் பற்றிச் சொன்னாள். மில்ட் எழுந்து போய் கராஜிலிருந்து நீளமான மின்கம்பிச் சுருளை எடுத்து வந்து, கேரவனுக்கும் வீட்டுக்குமாக இழுத்து மாட்டினார். குளிரில் ராய்ஸுக்கு ஹீட்டர் வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

மறுநாள் காலை ராய்ஸ் காபி குடிக்க உள்ளே வந்தார். ஆர்டெல் இரவெல்லாம் சரியாகத் தூங்கவில்லை. எப்படிச் சொல்வதென்று ஜெபத்தில் கேட்டிருந்தாள். பதில் ஒன்றும் தெளிவாக வரவில்லை.

“ராய்ஸ், அந்தக் காகிதம் விஷயமா… சில பேர் நகராட்சிக்குப் போன் பண்ணியிருக்கலாம்.”

“பண்ணியிருக்கலாம்,” என்றார் ராய்ஸ்.

“விஷயம் தெரியாமப் பண்ணியிருப்பாங்க. கெட்ட எண்ணத்துல பண்ணியிருக்கமாட்டாங்க.”

“அந்தச் சில பேர் ரொம்ப நல்லாவே சுடறாங்க.” அவர் பேரீச்சைத் துண்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டார். “வெண்டல் நேத்து நாலு தின்னான். ஒரு வாரமா எதுவும் உள்ள இறங்கல அவனுக்கு.”

ஆர்டெல் பாத்திரம் தேய்ப்பதைப்போல் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிரே ஓநாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் விதி விதிதானே. வந்த நாளைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், வியாழக்கிழமை வந்த கேரவன் திங்கள்கிழமை காலை அவள் வீட்டு முன்னாலிருந்து கிளம்ப வேண்டும். ஸ்கார் வீட்டுக்கும் ஒரு மாதத்துக்குத் திரும்ப முடியாது. விதிக்குக் கைதட்டிவிட்டு, தனக்கு வேண்டியவர் என்றதும் அதை மீறுவது ஆர்டெலின் மனதுக்கு ஒப்பவில்லை. அதற்காக ஒரு மனிதரை ஒரு மணி நேரத் தூரத்துக்கு அனுப்பவும் மனம் வரவில்லை. சனிக்கிழமை முழுதும் தரையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். துடைத்து முடித்ததும் நேராக எதிர்வீட்டுக்குப் போனாள்.

தெருப்பக்கத்து ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டு வெண்டலைப் படுக்க வைத்திருந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார். காலடியில் ஒரு பூனை.

“வெண்டல், உன் விஷயத்தை நாளைக்கு சர்ச்சுல சொல்லப்போறேன்.”

“முடியாது. ஊர்ல இருக்கிற ஹாட்டிஷ் எல்லாம் இங்க வந்துடும். கொத்திறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு அதே ஹாட்டிஷ், நாப்பது வீட்டுலேர்ந்து.”

“ஹாட்டிஷ் வரும்தான். கூடவே கேரவன் நிறுத்த இடமும் வரும். ராய்ஸ் இங்கயே இருக்கணுமா வேண்டாமா?”

வெண்டல் ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கம் நின்ற கேரவனைப் பார்த்தார். “இருக்கணும்,” என்றார் மெதுவாக. உடனே குரலைத் தேற்றிக்கொண்டு, “ஆனா ஒரு நிபந்தனை. வர்ற ஹாட்டிஷ் அத்தனையும் அவன்தான் தின்னணும். சின்ன வயசுல என் தட்டுலேர்ந்து திருடித் தின்னவன்தானே” என்றார்.

டெலோரிஸ் சமையலறையில் நின்று ஏப்ரன் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல நாள் கழித்து அவள் சிரிப்பது அதுதான் முதல் தடவை என்பது ஆர்டெலுக்குத் தெரிந்தது.

*

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபிக்குக் கூடுவார்கள். போதகர் வெண்டலுக்காக ஜெபித்திருந்ததால் எல்லோர் முகமும் வாடியிருந்தது. ஆர்டெல் ராய்ஸைக் கொண்டுபோய் காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். காபி வேண்டுமென்றால் யாரும் அவரைக் கடந்துதான் வந்தாக வேண்டும்.

“இங்கயே நில்லுங்க. எங்கயும் நகராதீங்க. யாராவது வந்து ஆறுதல் சொல்வாங்க. கேரவனை எங்க நிறுத்தப்போறீங்கன்னு கேப்பாங்க. தெரியலன்னு சொல்லுங்க. அப்புறம் அவங்க என்ன சொன்னாலும் முதல் தடவையிலயே சரின்னு சொல்லிடுங்க.”

“நான் எப்பவும் அப்படித்தானே சொல்றேன். அது தப்பா?”

“தப்புதான். அதைத்தான் இப்ப செய்யணும்.”

தானும் ஒரு பிஸ்கட் தட்டை ஏந்திக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

முதலில் வந்தவள் லோர்னா ட்வைட், ஸ்கார் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி. ராய்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கேரவன் விஷயத்தைக் கேட்டாள். “அடடா, அப்படியா. எங்க வீட்டு முன்னாலயும் இடம் இருக்கு, இல்லேன்னு இல்ல…”

“ரொம்ப நன்றி. நாளைக்குக் காலையில கொண்டாந்துடறேன்,” என்றார் ராய்ஸ்.

லோர்னாவின் வாய் திறந்தபடியே நின்றது. சோற்றில் கல் கடித்தவள்போல் ஒரு கணம் விழித்தாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். சர்ச்சின் கீழ்த்தளத்தில், அதுவும் காபிக் கோப்பையோடு நின்று சொன்னது. “ஒன்பது மணிக்கு மேல வாங்க,” என்றாள். “வேற கார் நிக்கும், எடுக்கச் சொல்றேன்.”

“பிஸ்கட் எடுத்துக்கோ லோர்னா,” என்றாள் ஆர்டெல்.

அடுத்து போதகர் வந்தார். அவரும் மாட்டினார். மூன்றாவதாக வந்தவர் டுவைன். அவர் ராய்ஸைக் கண்டதும் காபியே வேண்டாமென்று திரும்பப் பார்த்தார். பின்னால் வரிசை நெருக்கியது.

“அந்தக் காகிதம்… அது என் வேலை ராய்ஸ். தப்பா எடுத்துக்காதீங்க. என்னால முடிஞ்சா என் வீட்டுலயே இடம் குடுத்திருப்பேன்.”

“முடியாதா?” என்று அப்பாவியாகக் கேட்டார் ராய்ஸ்.

டுவைன் நெற்றியைத் துடைத்தார். “விதியைப் பாக்கறவன் வீட்டுலயே…”

“உங்க வீட்டு முன்னால மூணு நாள் நிக்கறதுக்கு விதியில ஏதாவது தடை இருக்கா டுவைன்?” என்றாள் ஆர்டெல், பிஸ்கட் தட்டை நீட்டியபடி. “நான் ஒண்ணும் புகார் சொல்லல. தெரிஞ்சுக்கலாமேன்னு கேக்கறேன்.”

“தடை இல்ல.”

“அப்ப சரி,” என்றார் ராய்ஸ். “வியாழக்கிழமைக்கு அப்புறம் சொல்லுங்க, வந்துடறேன்.”

காபி தீர்வதற்குள் தெருவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் கேரவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஸ்டாவ்லியின் கார்களுக்குள் கணவன்மார்கள் ‘நீ எத்தனை தடவை சொன்ன?’ என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

*

இப்படியாக அந்த ஓநாய் தெருவைச் சுற்ற ஆரம்பித்தது. லோர்னா வீட்டிலிருந்து போதகர் வீட்டுக்கு, அங்கிருந்து டுவைனின் மூலை வீட்டுக்கு. எந்த வீட்டில் நின்றாலும் வெண்டலின் ஜன்னலிலிருந்து அதன் ஏதாவது ஒரு பாகம் தெரிந்தது. சில வீட்டில் மூக்கு, சில வீட்டில் வால். “இன்னிக்கு எனக்கு வால்தான் கிடைச்சிருக்கு,” என்று வெண்டல் குறைப்படுவார். விதி எங்கும் ஒரு நூல்கூட மீறப்படவில்லை. டுவைன் நாள்தோறும் வேலைக்குப் போகும்போது தெருவை ஒரு பார்வை பார்த்து, தன் மனசாட்சிக்குப் பதில் சொல்லிக்கொண்டார்.

முதல் தடவை சொன்னவர்கள் எல்லோரும் முழுமனதோடு சொன்னவர்கள் அல்ல. ஆனால் கேரவன் வாசலில் வந்து நின்ற பிறகு, அரைமனது எப்படியோ முழுதாகிவிட்டது. லோர்னா காலையில் ராய்ஸுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவரோடு பக்கத்து வீட்டுக்குப் போய் வெண்டலின் போர்வைகளைத் துவைத்துக் கொடுத்தாள். மூச்சு சரியில்லாத ராய்ஸுக்காக, டெலோரிஸின் பூனைகளைப் பகலில் போதகரின் மனைவி தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். நாம் மரியாதைக்குச் சொல்லும் வெறும் வார்த்தையையும் கர்த்தர் விட்டுவிடுவதில்லை, பிடித்துக்கொண்டு தம் வேலையைச் செய்துகொள்கிறார் என்று ஆர்டெல் தனக்குள் நினைத்துக்கொண்டாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மில்ட் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

நவம்பர் பிறந்தபோது நகராட்சிக்கு வந்த தொலைபேசி அழைப்புகளே வேறு மாதிரி ஆகியிருந்தன.

“ஆர்டெல், கொஞ்சம் நியாயம் சொல்லுங்க,” என்றார் டுவைன் ஒரு நாள். “லோர்னா போன் பண்ணி, தன் வீட்டுல கேரவன் மூணு நாள் முழுசா நிக்கலையாம், புதன்கிழமை மத்தியானமே போதகர் வந்து கூட்டிட்டுப் போயிட்டாராம், இதுக்கு விதி இல்லையாங்கறா.”

“புகாரா சொன்னாளா?”

“புகார் இல்லேன்னுதான் ஆரம்பிச்சா.”

தெருக்கோடியில் ஒருவர் மட்டும் இதில் எதிலும் சேரவில்லை. ஹார்லன் ப்ரெக்கே, கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். சர்ச்சுக்கு வருவதில்லை. அவருடைய படகு வீட்டு முன்னால் நின்றதற்குக் காகிதம் வந்ததிலிருந்து இரண்டு வருடமாக ஆர்டெலோடு பேச்சு வார்த்தையும் இல்லை. காகிதத்துக்குப் பிறகு படகைச் சரியாக முன்சுவரின் கோட்டுக்குக் கொண்டுபோய், ஒரு விரல்கடைகூட முன்னால் நீட்டாமல், ஒரு விரல்கடைகூடப் பின்னால் தள்ளாமல் நிறுத்தியிருந்தார். ஆர்டெல் கடந்துபோகும்போதெல்லாம் அந்தப் படகு அவளை முறைத்தது.

முதல் பனி விழுந்த அன்று அவர் ஆர்டெலின் கதவைத் தட்டினார். தொப்பியைக் கழற்றவில்லை.

“செவ்வாய்க்கிழமை என் வீடு,” என்றார்.

“என்னது?”

“கேரவன். செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்கு வரணும்.” திரும்பிப் பாதி தூரம் போய், நின்று சொன்னார்: “வெண்டல்கூட நான் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு.”

*

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது முழங்கால் அளவு பனி. ஆர்டெல் ஒரு பாத்திரம் நிறையச் சூப் எடுத்துக்கொண்டு ஸ்கார் வீட்டுக்குப் போனாள். சமையலறையில் டெலோரிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் ராய்ஸ் அண்ணனுக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தார். தினமும் காலையில் அது அவருடைய வேலையாகியிருந்தது. இருவரும் சண்டை போடும் சத்தம் கேட்டது. வெண்டலின் குரல் இப்போதெல்லாம் மூச்சுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

“நீதான்டா… எழுந்து நின்ன.”

“நான் எதுக்கு எழுந்து நிக்கணும்? மீன் உன் தூண்டில்ல இருந்துச்சு. நீ எழுந்து நின்ன, படகு கவுந்துச்சு.”

“அப்பாகிட்ட… நீதான் அடி வாங்கின.”

“ஆமா, நீ கவுத்ததுக்கு நான் அடி வாங்கினேன். அம்பது வருஷமாச்சு, இப்பவாவது ஒத்துக்கோடா.”

டெலோரிஸ் ஆர்டெலைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். “காலையிலேர்ந்து இதேதான். ரெண்டு கிழங்களும் படகை விட்டு இறங்கவே இல்ல.”

அவர்கள் சூப்பைச் சூடாக்கினார்கள். பனியைப் பற்றியும், அடுத்த ஞாயிறு யார் காபி போடுவது என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். முன்னறையில் பேச்சு நின்றிருந்தது. தூங்கிவிட்டார் போலும் என்று டெலோரிஸ் சொன்னாள்.

சற்று நேரத்தில் ராய்ஸ் வாசலில் வந்து நின்றார். கையில் துண்டு இருந்தது. அதன் ஓரத்தில் சோப்பு நுரை.

“பதில் சொல்ல மாட்டேங்கறான், டெலோரிஸ்,” என்றார். “கடைசி வார்த்தையை அவன் எனக்கு விட்டதே இல்ல. இன்னிக்கு விட்டுட்டான்.”

டெலோரிஸ் கத்தியை மேசைமேல் மெதுவாக வைத்தாள். மூவரும் உள்ளே போனார்கள். வெண்டலின் ஒரு கன்னம் வழவழவென்று இருந்தது. மறு கன்னத்தில் இன்னும் நுரை. ராய்ஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பாதியில் விட்ட வேலையை முடித்தார். அவர் நெஞ்சு விசிலடித்தது. வெளியே போய் மூச்சு வாங்கிக்கொள்ள அவர் எழவில்லை. ஆர்டெல் ஜன்னலருகே நின்று, தனக்குத் தெரிந்த ஜெபங்களில் மிகச் சின்னதைச் சொன்னாள்.

டெலோரிஸின் அக்காளும் போதகரும் வந்த பிறகு ஆர்டெல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஹார்லனிடம் யாராவது சொல்ல வேண்டுமே. கேரவன் இன்றைக்கு வராது.

பனியில் கால் புதையப் புதையத் தெருக்கோடிக்கு நடந்தாள். ஹார்லனின் வீட்டு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். படகைக் காணோம். அதைப் பின்பக்கமாக, ஆப்பிள் மரங்களைத் தாண்டி இழுத்துப் போயிருந்த தடம் பனியில் ஆழமாக விழுந்திருந்தது. முன்னாலிருந்த பாதையை ஹார்லன் தரை தெரிய வழித்துக்கொண்டிருந்தார். பாதைக்கு இரு பக்கமும் புல்தரையில்கூட ஒரு முழம் அகலம் அதிகமாக வழித்திருந்தார். கழுத்துவரை வியர்த்திருந்தது.

“அகலம் போதுமா?” என்று கேட்டார். “திருப்பம் கொஞ்சம் இடுக்கு. வேணும்னா இந்தப் பக்கம் இன்னும் வழிக்கிறேன்.”

“போதும் ஹார்லன்,” என்றாள். “தாராளமாப் போதும்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு, இந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அவள் முன்னால் தொப்பியைக் கழற்றினார்.

“எப்ப?”

“இப்பத்தான். ராய்ஸ் பக்கத்துலயே இருந்தார். சவரம் பண்ணிக்கிட்டு இருந்தார்.”

ஹார்லன் தலையசைத்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

“அடக்கத்துக்கு இன்னும் நாலஞ்சு நாள் இருக்குமே,” என்றார். “அதுவரைக்கும் அந்த ஆள் எங்கயாவது படுத்தாகணும். எங்கயும் தேட வேண்டாம், இங்க வரட்டும். மூணு நாளுக்கு மேல ஆனா டுவைன் என்கிட்ட வந்து பேசிக்கட்டும்.”

சொல்லிவிட்டு மறுபடி குனிந்து வழிக்க ஆரம்பித்தார். கராஜ் சுவரில் இன்னொரு மண்வாரி சாய்த்து வைத்திருந்தது. ஆர்டெல் போய் அதை எடுத்துக்கொண்டு வந்து, திருப்பத்தின் மறுபக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.